படுத்திருக்கும் நாளுக்கும் கூலி வேண்டும்

உழைப்பாளி ஜனங்களின் உடம்பில் சத்தமில்லாமல் தேய்வது முழங்கால். கை முறிந்தால் ஊருக்குத் தெரியும். யந்திரத்தில் விரல் போனால் நஷ்டஈடு கேட்க வழி உண்டு. முழங்கால் அப்படியல்ல. இருபது வருஷம், முப்பது வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. கடைசியில் ஒரு நாள் பாயைவிட்டு எழுந்திருக்க முடியாமல் போனால், "வயசாகி விட்டது" என்ற ஒரே வார்த்தையில் கணக்கை முடித்து விடுகிறார்கள்.

வயசு மட்டுமா காரணம்? லோயர் கேம்ப்பில் விடியற்காலையில் ரோட்டோரம் நின்று பாருங்கள். கூடலூர், கம்பம் பக்கத்திலிருந்து விவசாயத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஜீப்புகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து குமுளி மலைச்சாலை ஏறுகிறார்கள். மேலே ஏலத் தோட்டங்களில் அவர்களுக்கு வேலை. ஏலக்காய் கிளையில் காய்ப்பதில்லை. செடியின் அடியில், தரையை ஒட்டிக் கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது. பழம் எடுக்கிறவர் குத்தவைத்து உட்கார்ந்துதான் செடிக்குச் செடி நகர வேண்டும். சரிவான நிலம். காலடியில் ஈரம். பொழுது சாய்ந்ததும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அந்தச் சரிவிலேயே இறங்க வேண்டும். கீழே பள்ளத்தாக்கில் நாற்று நடுகிறவர்களுக்கும் களை எடுக்கிறவர்களுக்கும் சேறும் குனிவும். மில்லில் வேலை செய்கிறவர்களுக்கோ ஷிப்டு முழுவதும் நிற்பதும் நடப்பதும்.

குத்தவைப்பது, மண்டியிடுவது, சுமை தூக்குவது ஆகிய மூன்றும் முழங்கால் மூட்டைச் சீக்கிரம் தேய்க்கின்றன என்பது வைத்திய சாஸ்திரம் ஒப்புக்கொண்ட விஷயம். பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் பத்து வருஷங்களுக்கு மேல் உழைத்தவர்களின் முழங்கால் தேய்மானத்தைத் தொழில் நோய் என்று 2009இல் சர்க்காரே அங்கீகரித்தது. மறுவருஷம், தரையில் மண்டியிட்டுக் கம்பளம் பதிக்கும் தொழிலாளர்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. சுரங்கத் தொழிலாளியின் முழங்கால் தொழிலால் தேய்ந்தது என்றால், ஏலக்காட்டுத் தொழிலாளியின் முழங்கால் மட்டும் தலைவிதியால் தேய்ந்ததா? இதுதான் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

கத்திக்குப் பணம் உண்டு, கஞ்சிக்கு இல்லை

முன்னெல்லாம் தேய்ந்த முழங்காலுக்குத் தைலமும் ஒத்தடமும்தான் வைத்தியம். இன்று அப்படி இல்லை. தேய்ந்த எலும்பு முனைகளை மெல்லியதாகச் சீவி எடுத்துவிட்டு, உலோக உறை மாட்டி, நடுவே எளிதில் தேயாத பிளாஸ்டிக் பலகை ஒன்றை வைத்து மூட்டையே புதிதாக்குகிறார்கள். இந்த வகை மூட்டு 1974இல் நியூயார்க்கில் ஒரு ஆஸ்பத்திரியில் முதன்முதலில் பொருத்தப்பட்டது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்த டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத். அவரேதான் 2000 அக்டோபரிலும் 2001 ஜூனிலும் பிரதம மந்திரியாக இருந்த வாஜ்பாயின் இரண்டு முழங்கால்களுக்கும் பம்பாயில் ரண சிகிச்சை செய்தார். இதில் குறை சொல்ல நமக்கு ஒன்றுமில்லை. வலி யாருக்கும் வலிதான். பிரதம மந்திரியின் முழங்காலும் நாற்று நடும் பெண்ணின் முழங்காலும் ஒரே எலும்பால் ஆனவை என்று மட்டும் சொல்கிறோம்.

வெகுகாலம் இந்தச் சிகிச்சை பணக்காரர் சொத்தாகவே இருந்தது. 2017 ஆகஸ்டில் மத்திய சர்க்காரின் மருந்து விலை ஆணையம் செயற்கை மூட்டுக்கு உச்சவரம்பு விலை கட்டியது. சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்கப்பட்ட சாதாரண வகை மூட்டின் விலை, வரி நீங்கலாக, 54,720 ரூபாய்க்கு இறங்கியது. ஒரே உத்தரவில் மூன்றில் இரண்டு பங்கு விலை இறங்கியது என்றால், அதற்கு முன்பு அந்தப் பணம் யார் பைக்குப் போயிற்று என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 2009இல் தொடங்கி, 2012இல் பெயர் மாறிய சர்க்கார் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் ஏழைகளுக்கும் இந்தச் சிகிச்சை எட்டத் தொடங்கியது. இவை நல்லவை. நல்லதை நல்லது என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை.

ஆனால் கணக்கின் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். ரண சிகிச்சை ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் முடிந்து விடுகிறது. அன்றைக்கோ மறுநாளோ வாக்கரைப் பிடித்து நிற்க வைத்து விடுகிறார்கள். சில நாட்களில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதற்குப் பிறகுதான் நீண்ட காலம் தொடங்குகிறது. வீட்டுக்குள் தடுமாறாமல் நடக்க ஆறு வாரம் ஆகலாம். சொந்தக் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ள மூன்று மாதம் ஆகலாம். கால் முழுவதும் தன்னுடையது என்று தோன்ற ஒரு வருஷம்கூட ஆகும். இந்த நாட்களுக்கு யார் பொறுப்பு? காப்பீடு கத்திக்குப் பணம் கொடுக்கிறது. கஞ்சிக்குக் கொடுப்பதில்லை.

சின்னச் சௌகரியம் சின்ன விஷயமா?

வைத்தியர் சொல்லி அனுப்பும் முறைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். தரையில் உட்காராதே. குத்தவைக்காதே. கட்டிலில் படு. கை வைத்த நாற்காலியில் உட்கார். வீக்கத்துக்கு ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வை. கணுக்காலை மேலும் கீழும் அடிக்கடி அசை, இல்லாவிட்டால் ரத்தம் உறையும். காலை நீட்டிப் பழகு, மடக்கிப் பழகு. உட்கார்ந்து போகிற கக்கூஸை உபயோகி.

எல்லாம் சரியான யோசனைகள். ஆனால் நம் ஜனங்களின் வீடு எப்படி இருக்கிறது? ஒரே அறை. படுக்கை பாய். அடுப்பு தரையில். கக்கூஸ் இருந்தால் அது குத்தவைக்கிற கக்கூஸ், அதுவும் முற்றத்துக்கு அப்பால். கட்டிலும் இல்லை, கை வைத்த நாற்காலியும் இல்லை, ஐஸ் கட்டிக்குப் பெட்டியும் இல்லை. வைத்தியரின் சீட்டு ஒரு வீட்டுக்காக எழுதப்பட்டது. நோயாளி திரும்பிப் போவது வேறு வீட்டுக்கு.

ஆகவேதான் சொல்கிறோம்: பணக்காரர் வீட்டில் சௌகரியம் எனப்படுவது உழைப்பாளி வீட்டில் மருந்து. நாலு கால் சரியாக நிற்கும் ஒரு நாற்காலி மருந்து. நடுவில் ஓட்டை போட்டு, அடியில் வாளி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி மருந்து. அது இருந்தால் ராத்திரியில் இன்னொருவரை எழுப்பிக் கூசிக் குறுக வேண்டியதில்லை. சுவரில் அடித்த ஒரு மரச்சட்டம், பிடித்து எழுந்திருக்க மருந்து. கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டால் அதுவும் மருந்து. மாலையில் குமுளிக் கணவாயிலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று லோயர் கேம்ப்பில் யாருக்கும் காசு கேட்பதில்லை. ரேடியோவில் ஒரு பாட்டு, சுக்குப் போட்ட ஒரு டம்ளர் காப்பி, கம்பம் பன்னீர் திராட்சை ஒரு கொத்து, "என்ன மதினி, இன்னைக்கு எம்புட்டு மடங்குச்சு?" என்று வாசலில் நின்று கேட்கும் பக்கத்து வீட்டுக்காரியின் குரல் - இவையெல்லாம் வலி நிறைந்த ஒரு நாளை இரண்டாகப் பிளந்து சின்னதாக்குகின்றன. நேற்று கட்டிலோடு முடிந்த நடை இன்று வாசல்படி வரை வந்தால் அது ஒரு வெற்றி. அந்த வெற்றியைக் கொண்டாட ஆள் இருந்தால்தான் நாளைக்குத் தெருமுனை வரை நடக்க மனசு வரும்.

இதைக் கேட்டு, நம்மிலேயே சில தோழர்கள் சிரிக்கக் கூடும். "கூலிப் போராட்டம் எவ்வளவோ இருக்க, நாற்காலியும் காப்பியும் ஒரு பிரச்னையா?" என்று கேட்கலாம். அவர்களுக்கு நமது பதில் இது. கட்டிலில் கிடந்தபடியே, பார்வையும் இழந்த நிலையில், 'வீரம் விளைந்தது' நாவலை எழுதிய நிக்கலாய் ஆஸ்திரோவ்ஸ்கியை நாம் போற்றுகிறோம். அந்த மன உறுதி பெரியது. ஆனால் ஒவ்வொரு நோயாளியையும் வீரனாக இருக்கச் சொல்வது நியாயமல்ல. வலியில் கிடக்கிற சாதாரண மனுஷிக்குச் சாதாரண சௌகரியம் வேண்டும். எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய தொழிலாளி வர்க்கம், மிச்ச நேரத்தில் மனிதனாக வாழத்தானே அந்த நேரத்தைக் கேட்டது? சுகத்தை அலட்சியம் செய்வது புரட்சிகர குணம் அல்ல.

பொய்ச் சுகம் ஒன்றும் உண்டு

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ரண சிகிச்சை முடிந்த முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொண்டால் உடனே வலி குறைந்தது போலத் தோன்றும். வைத்தியர் அதை வேண்டாம் என்பார். கால் மடங்கியே இறுகிவிடும், பிறகு நீட்டவே முடியாது. தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வைத்தால் வலிக்கும், ஆனால் கால் நேராகும். அப்படியே, காயத்தில் சீழோ, காய்ச்சலோ, கெண்டைக்காலில் திடீர் வீக்கமோ கண்டால், "தானே சரியாகும்" என்று படுத்திருப்பதும் பொய்ச் சுகமே. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நோயாளிக்குச் சொல்லப்படும் ஆறுதல் வார்த்தைகளிலும் இந்த இரண்டு ரகம் உண்டு. "பொறுத்துக்கொள், கிடைத்தது போதும், ஆபரேஷன் இலவசமாக நடந்ததே பெரிய காரியம்" என்று சொல்லுகிறவர்கள் முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கிறார்கள். கேட்கச் சுகமாக இருக்கும். ஆனால் அந்த வார்த்தைக்குப் பழகிய சமுதாயம் எழுந்து நடக்காது. சின்னச் சௌகரியங்களைத் தேடிக்கொள்வோம். அவற்றைக் காட்டி உரிமையை மறக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

ஒரே வீட்டில் இரண்டு நீதி

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன் மில் தொழிலாளி, இ.எஸ்.ஐ. உண்டு. மனைவி ஏலத்தோட்டத்துக்குப் போகும் தினக்கூலி. இருவருக்கும் முழங்கால் ரண சிகிச்சை. கணவனுக்கு 1948ஆம் வருஷச் சட்டம் உண்டாக்கிய இ.எஸ்.ஐ. ஏற்பாட்டின்படி, சந்தா ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால், வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு நோய்க்காலப் படியாகக் கிடைக்கும். மனைவிக்கு அப்படி எதுவும் இல்லை. விவசாயத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. தோட்டத் தொழிலாளர்களுக்கென்று 1951இல் வந்த சட்டம் நோய்க்காலப் படியைப் பற்றிப் பேசியது. ஆனால் ஜீப்பில் வந்து மாலையில் திரும்புகிற, இன்று ஒரு தோட்டம் நாளை ஒரு தோட்டம் என்று அலைகிற தினக்கூலி எந்த எஸ்டேட் பதிவேட்டைக் காட்டிப் படி கேட்பாள்?

கணவனுக்குக் கிடைப்பதும் போதுமானதா என்றால் அதுவும் இல்லை. 1883இல், சோஷலிஸ்டுகளைச் சட்டம் போட்டு அடக்கிய அதே ஜெர்மன் சான்ஸலர் பிஸ்மார்க், தொழிலாளர்கள் சோஷலிஸ்டுகள் பக்கம் போய்விடாமல் தடுக்க நோய்க்கால இன்ஷூரன்ஸ் கொண்டுவந்தார். அதில் பாதிச் சம்பளம், பதின்மூன்று வாரம். நமது இ.எஸ்.ஐ. கொடுக்கும் 91 நாளும் பதின்மூன்று வாரம்தான். நூற்றுக்கு ஐம்பது எழுபதாயிற்று, வாரக்கணக்கு மட்டும் நகரவில்லை. அதுவும் எல்லா மில் தொழிலாளிக்கும் இல்லை. காண்டிராக்டர் பேரில் வேலை செய்கிறவர்களில் எத்தனை பேருக்குச் சந்தா உண்மையில் கட்டப்படுகிறது என்பதைச் சங்கங்கள் தேடிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு பெரிய விஷயமும் இருக்கிறது. மூட்டு மாற்றியவர்களைப் பொதுவாகக் குத்தவைக்கக் கூடாது, கனத்த சுமை தூக்கக் கூடாது என்கிறார்கள். பழம் எடுக்கிறவளின் வேலையே குத்தவைப்பதும் சுமை தூக்குவதும்தானே? அவள் சுகமாகி எழுந்தால் எந்த வேலைக்குப் போவாள்? பழைய வேலைக்கே போனால் புது மூட்டும் சீக்கிரம் பாழாகும். போகாவிட்டால் அடுப்பு எரியாது. காலைக் கொடுத்துவிட்டுப் பிழைப்பைப் பிடுங்கிக்கொள்வதாக முடிகிறது இந்தச் சிகிச்சை. லேசான மாற்று வேலையோ உதவிப் பணமோ கொடுக்காமல் சிகிச்சையை முடித்துவிட்டோம் என்று யாரும் கணக்குக் காட்டக் கூடாது.

யந்திரத்துக்கு உள்ள மரியாதை

லோயர் கேம்ப் மின்நிலையத்தைப் பாருங்கள். பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து, நான்கு ராட்சதக் குழாய்களில் இறங்கி, யந்திரங்களைச் சுழற்றுகிறது. 1958இல் முதல் யந்திரம் ஓடத் தொடங்கியது. 140 மெகாவாட் சக்தி கொண்ட அந்த நிலையம் பிற்காலத்தில் புதுப்பிக்கப்பட்டு 161 மெகாவாட்டாக உயர்ந்தது. யந்திரம் தேயும் என்பது என்ஜினீயருக்குத் தெரியும். ஆகவே அதை நிறுத்துகிறார்கள், பிரிக்கிறார்கள், எண்ணெய் போடுகிறார்கள், பாகம் மாற்றுகிறார்கள். நின்று கிடக்கும் நாட்களை யாரும் சோம்பல் என்று சொல்வதில்லை, பராமரிப்பு என்கிறார்கள். அதற்குப் பட்ஜெட்டில் பணமும் ஒதுக்குகிறார்கள். மின்சாரம் தரும் யந்திரத்துக்கு உள்ள மரியாதை, சோறு தரும் மனுஷியின் முழங்காலுக்கு ஏன் இல்லை?

1887 முதல் 1895 வரை அந்த அணையைக் கட்ட மலேரியாவிலும் காட்டிலும் கிடந்து, கல்லும் சுண்ணாம்பும் சுமந்த ஆயிரக்கணக்கான கூலிகளை நினைத்துக்கொள்ள வேண்டும். அணை கட்டிய என்ஜினீயர் பென்னிகுயிக்குக்கு லோயர் கேம்ப்பில் 2013இல் மணிமண்டபம் திறக்கப்பட்டது. அந்த மரியாதை அவருக்குத் தகும். கல் சுமந்தவர்களின் பெயர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் காலத்திலும் அதே அலட்சியம் தொடரலாமா?

நாம் செய்ய வேண்டியது, சர்க்கார் செய்ய வேண்டியது

முதலில் நம் வீட்டிலிருந்து தொடங்குவோம். ஆண்பிள்ளை படுத்தால் பெண்டாட்டி பார்த்துக்கொள்கிறாள். பெண்பிள்ளை படுத்தால் இரண்டாம் வாரமே அவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடுப்பண்டை போய் நிற்கிறாள். வேறு வழியில்லை என்கிறாள். வழி இருக்கிறது. சங்கக் கூட்டத்தில் பெண் விடுதலை பற்றிக் கைதட்டுகிற தோழர், மூன்று மாதத்துக்குச் சோறாக்கிக் குழம்பு வைக்கட்டும். தண்ணீர்க் குடத்தை அவர் தூக்கட்டும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி மனைவியின் முழங்காலில் அவரே வைக்கட்டும். இதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

அடுத்து சங்கம். ஒவ்வொரு ஊர்ச் சங்கத்திலும் ஒரு வாக்கர், ஒரு கைத்தடி, ஒரு ஓட்டை நாற்காலி, ஒரு கட்டில் பொதுச்சொத்தாக இருக்கட்டும். ஒருவர் நடந்ததும் அடுத்தவர் வீட்டுக்குப் போகட்டும். இவற்றுக்கு ஆகும் பணம் பெரிதல்ல, பத்துப் பேர் சேர்ந்தால் முடியும். மாலையில் முறை வைத்து யாராவது போய் அரைமணி நேரம் உட்கார்ந்து, பத்திரிகை படித்துக் காட்டி, நடை பழகத் துணை நிற்கட்டும். படுத்திருக்கும் தோழரைச் சங்கம் மறக்கவில்லை என்று தெரிவதைவிட நல்ல சௌகரியம் எதுவும் கிடையாது.

மூன்றாவது, சர்க்கார். நமது கோரிக்கைகள் தெளிவானவை. விவசாயத் தொழிலாளிக்கும் தினக்கூலிக்கும் ரண சிகிச்சைக்குப் பிறகு படுத்திருக்கும் நாட்களுக்கு உதவிப் படி வேண்டும். காப்பீட்டுத் தொகையோடு சேர்த்தே அதைக் கணக்கிட வேண்டும். இ.எஸ்.ஐ.யின் 91 நாளை மூட்டுச் சிகிச்சைக்கு நீட்டிக்க வேண்டும். குத்தவைத்துச் செய்யும் வேலையில் தேய்ந்த முழங்காலைத் தொழில் நோயாக ஏற்க வேண்டும்.

நடை பழக்கும் வைத்தியத்துக்காக லோயர் கேம்ப்பிலிருந்து கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், தேனி எல்லாம் தாண்டி க.விலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லாமல், பக்கத்து ஊரிலேயே அது ஒழுங்காகக் கிடைக்கச் செய்ய வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து இந்தப் பயிற்சி தருவதும் ஒரு அம்சமாக இருந்தது. கால் வீங்கிக் கிடக்கிற ஒவ்வொரு உழைப்பாளி வீட்டுக்கும், தவறாமல் வாரந்தோறும் அந்த ஆள் வருவதை உறுதி செய்ய வேண்டும். நகரப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று 2021இல் உத்தரவு வந்தது. நல்ல உத்தரவு. ஆனால் டிக்கெட் வாங்க வேண்டாம் என்றாலும் படியேற வேண்டுமே! பஸ்ஸின் படியைத் தாழ்த்த வேண்டும்.

இவற்றில் எதுவும் ஆகாத காரியமல்ல. 54,720 ரூபாய் என்று ஒரு உத்தரவில் விலையை இறக்க முடிந்ததென்றால், இன்னொரு உத்தரவில் படியைக் கொடுக்கவும் முடியும். அதைச் செய்ய வைக்கும் பலம் மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் ஒன்றாக நிற்பதில்தான் இருக்கிறது. மில் தொழிலாளி தனக்கு உள்ள 91 நாளோடு திருப்திப்பட்டு ஒதுங்கிவிடாமல், ஏலக்காட்டுச் சகோதரிக்கும் அந்த உரிமை வேண்டும் என்று முன்வந்து கேட்க வேண்டும். நின்று உழைத்த நாளுக்கு நாம் கூலி கேட்டுப் பெற்றோம். அந்த உழைப்பால் தேய்ந்து படுத்திருக்கும் நாளுக்கும் கூலி கேட்போம்.